கை விரிக்காமல் சொல்லக் கற்பது: குழந்தை மருத்துவர்களுக்கான பயிற்சி வழிகள், ஓர் ஒப்பீடு

"அங்கே கையை விரித்துவிட்டார்கள், டாக்டர்." சேலத்தில் குழந்தை மருத்துவம் பார்க்கும் எவரும் இந்த வரியை அடிக்கடி கேட்டிருப்பார்கள். ஆத்தூரிலிருந்தோ அரூரிலிருந்தோ கொல்லிமலையிலிருந்தோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், முன்னால் பார்த்த இடத்தில் நடந்தது அத்தனையையும் இதிலேயே சொல்லி முடித்துவிடுவார்கள். என்ன நோய் என்றார்கள், எந்த மருந்து கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. விரிந்த கை மட்டும் நினைவில் இருக்கும். வேறு யாரோ ஒரு மருத்துவரிடம் போய் என்னைப் பற்றியும் இதே வரியைச் சொன்னவர்கள் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் குழந்தைகள் பிரிவில் இந்த ஆண்டு ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஆறு பயிற்சி மருத்துவர்கள், மூன்று மூத்த மருத்துவர்கள், பதினான்கு செவிலியர்கள் இருக்கிறோம். பெற்றோரிடம் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று முறையாகக் கற்றுத்தர வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எந்த வழியில் என்பதில்தான் இரண்டு கூட்டம் பேசியும் முடிவு வரவில்லை. இதே கேள்வியோடு இருக்கும் மற்ற மருத்துவமனைகளுக்கும் உதவலாம் என்று, வந்த யோசனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன்.

அதற்குமுன், நான் எதைக் கொண்டு அளக்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும். நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் நடந்தது. ஏற்காட்டைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு மலைக்கிராமத்துப் பெண். வீட்டிலேயே வலி நீண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்து சேர்ந்தபோது நேரம் கடந்திருந்தது. பிறந்த குழந்தை அழவில்லை. மூன்றாம் நாளும் வலிப்பு நிற்கவில்லை. மூளைக்கு நேர்ந்த பாதிப்பு பெரியது என்று எங்களுக்குத் தெளிவாகிவிட்டது. தாயிடம் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. தாழ்வாரத்தில், மருந்து வண்டி போகிற வழியில், நின்றபடியே சொன்னேன்: "மூளைக்கு ஆக்சிஜன் சரியாகப் போகவில்லை. ப்ராக்னோசிஸ் அவ்வளவு நன்றாக இல்லை. பார்க்கலாம்." அவர் தலையாட்டினார். 'பெற்றோருக்கு நிலைமை விளக்கப்பட்டது' என்று கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை, இரவுப் பணி முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த சிஸ்டர் என்னை நிறுத்தினார். "அந்த அம்மா, பால் எப்போது கொடுக்கலாம் என்று கேட்கிறார். நீங்கள் நேற்று என்னதான் சொன்னீர்கள்?" திரும்பிப் பார்த்தேன். வார்டு வாசலில் அந்தத் தாய் நின்றிருந்தார். பீய்ச்சிய பாலை ஓர் எவர்சில்வர் டம்ளரில் வைத்து, ஈ உட்காராமல் முந்தானை நுனியால் மூடிப் பிடித்திருந்தார்.

அன்றிலிருந்து என் அளவுகோல் இது ஒன்றுதான்: சொல்லப்பட்ட தாயோ தந்தையோ மறுநாள் காலையில் என்ன புரிந்து வைத்திருக்கிறார்கள்? சொன்னவர் எவ்வளவு கனிவாகப் பேசினார் என்பது அதற்கு அடுத்தபடிதான்.

முதல் யோசனை, ஒருநாள் வகுப்பு. வெளியிலிருந்து ஒருவர் வந்து பேசுவார்; எல்லோருக்கும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஓர் அட்டை கிடைக்கும். அட்டையில் இருக்கப்போவது பெரும்பாலும் வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலியோர் 2000-இல் வெளியிட்ட ஆறு படிகள். ஸ்பைக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தனி இடம் பார்த்து உட்கார்; அவர்களுக்கு இதுவரை என்ன தெரியும் என்று கேள்; எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று கேள்; எளிய சொல்லில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்; அழுகைக்கும் கோபத்துக்கும் இடம் கொடு; அடுத்து என்ன செய்வது என்பதைச் சேர்ந்து முடிவுசெய். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்று எனக்கு இரண்டாவது படி மட்டும் தெரிந்திருந்தால்கூட, பேசத் தொடங்குமுன் "உங்களுக்கு இதுவரை என்ன சொல்லியிருக்கிறார்கள், அம்மா?" என்று கேட்டிருப்பேன்.

ஆனால் அந்தப் படிகள் வயதுவந்த புற்றுநோயாளிகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. அங்கே கேட்பவரே நோயாளி. எங்கள் அறையில் நோயாளிக்குப் பேச்சே வந்திருக்காது. கேட்க வருகிறவர்கள் நான்கைந்து பேர். மூன்றாவது படியில் தாயிடம் கேட்க வேண்டிய கேள்விக்கு, தந்தை தாழ்வாரத்திலேயே பதில் சொல்லிவிடுவார்: "பச்சை உடம்பு, டாக்டர். அவளுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்." அம்மாயி ஒருபுறம், மாமியார் ஒருபுறம். யாரிடம் முதலில் பேசுவது? தாயை விட்டுவிட்டுச் சொன்னால், அந்தப் பெண் அடுத்த பல ஆண்டுகள் தூக்கி வளர்க்கப்போகும் பிள்ளையைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்தது அவருக்கு மட்டும் தெரியாமல் போகும். எல்லோரையும் வைத்துச் சொன்னால், 'யாரால் வந்தது' என்ற பேச்சு அந்த அறையிலேயே தொடங்கிவிடும். இதற்கு அட்டையில் விடை இல்லை. தவிரவும், 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலேயே நெறிமுறையும் நோயாளியோடு பேசும் முறையும் சேர்க்கப்பட்டுவிட்டன. அந்தப் பாடத்திட்டத்தில் படித்துவிட்டு இனி எங்களிடம் வருகிற இளம் மருத்துவர்கள் இந்த வகுப்பை ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருப்பார்கள். ஒரு மணி நேரம் போதும். ஒரு நாள் வேண்டாம். இணையவழிப் பாடத்துக்கும் என் பதில் இதுதான்.

இரண்டாவது, நாமே ஒருவருக்கொருவர் நடித்துப் பார்ப்பது. செலவில்லாதது. இரண்டு முறை செய்தும் பார்த்தோம். தாயாக நடிக்கிற மருத்துவர் மருத்துவராகவே கேள்வி கேட்கிறார்: "எம்.ஆர்.ஐ. எடுத்தீர்களா?" எந்தத் தாயும் முதலில் அதைக் கேட்பதில்லை. "கிரகணத்தன்று வெளியே போனேன், அதனாலா?" என்று கேட்பார். "என் பாலில் ஏதாவது குறையா?" என்று கேட்பார். இந்தக் கேள்விகள் வராத பயிற்சியில் கற்பதற்கு அதிகம் இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் அதில் நிலைத்து நின்றது. எங்கள் பயிற்சி மருத்துவர் ஒருவர் தாயாக நடிக்கும்போது, வார்டில் தாய்மார்கள் உட்கார்வதைப் போலத் தரையில் உட்கார்ந்துகொண்டார். மற்றவர் நின்றுகொண்டே பேசினார். நடித்து முடிந்ததும் கீழே இருந்தவர் சொன்னார்: "அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்தது. அவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை." அவர் அதற்குப்பின் எந்தத் தாயிடமும் நின்றுகொண்டு பேசி நான் பார்த்ததில்லை.

மூன்றாவது யோசனையில்தான் எங்களுக்குள் அதிகம் வாதம் நடந்தது: பயிற்சி பெற்ற நடிகர்களைப் பெற்றோராக உட்காரவைப்பது. மருத்துவக் கல்வியில் இது புதிதல்ல. ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் அமெரிக்காவில் 1963-லேயே நோயாளியாக நடிக்க ஒருவரைப் பழக்கி மாணவர்களைச் சோதித்திருக்கிறார். நம் பக்கத்தில் ஆளுக்குப் பஞ்சம் இல்லை. சேலம் மாவட்டத்துக் கிராமங்களில் தெருக்கூத்து இன்னும் விடிய விடிய நடக்கிறது, நாடகக்காரர்களும் இருக்கிறார்கள். இங்குள்ள பேச்சும் உறவுமுறையும் நன்கு தெரிந்தவர்கள். 'அக்காள் மகளைக் கட்டியவன்' என்றால் அதில் எத்தனை முடிச்சு இருக்கிறது என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் பிற்பகல், நாடக அனுபவமுள்ள ஓர் அம்மாவை அழைத்துச் சோதித்துப் பார்த்தோம். இரத்தப் புற்றுநோய் என்று முதல்முறையாகக் கேட்கும் தாயாக அவர் உட்கார்ந்தார். எங்கள் பயிற்சி மருத்துவர் நிதானமாகத்தான் தொடங்கினார்; நோயின் பெயரையும் மழுப்பாமல் சொன்னார். அந்த அம்மா எதுவும் பேசவில்லை. மடியில் இருந்த துணிப்பையின் காதைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தார். ஐந்தாறு நொடிகள்தான் போயிருக்கும். மருத்துவர் பேசத் தொடங்கிவிட்டார்: எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை, கீமோ, காப்பீட்டு அட்டை, சென்னைக்குப் போகும் வழி. அவர் பேசப் பேசப் பையின் காது இன்னும் இறுகியது. நிறுத்தச் சொன்னோம். அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்கி, இந்தமுறை அந்த அம்மா தானாக வாயைத் திறக்கும்வரை காத்திருக்கச் சொன்னோம். காத்திருந்தார். முறுக்குவது நின்றது. "என் பிள்ளை பிழைப்பானா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு சொன்னதெல்லாம் அவருக்குள் இறங்கியது. உண்மையான தாயிடம் 'நிறுத்துங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்' என்று கேட்க முடியாது. நடிகரிடம் கேட்கலாம். இந்த வழியின் பலமே அதுதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பிரிட்டனில் 34 புற்றுநோய் மையங்களைச் சேர்ந்த 160 மருத்துவர்களை வைத்து லெஸ்லி ஃபாலோஃபீல்ட் குழுவினர் நடத்திய ஆய்வு 2002-இல் வெளிவந்தது. மூன்று நாள் பயிற்சிக்குப் பின், மருத்துவர்கள் நோயாளி மனம்விட்டுப் பதில் சொல்லும்படியான கேள்விகளை அதிகம் கேட்டார்கள், பரிவைக் காட்டும் சொற்களும் கூடின. எதிர்த்திசையில் இருப்பது அமெரிக்காவில் ராண்டல் கர்ட்டிஸ் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு. நடிகர்களோடு எட்டு அமர்வுகள் பழகிய இளம் மருத்துவர்களையும் செவிலியர்களையும், பிறகு அவர்கள் பார்த்த உண்மையான நோயாளிகளும் குடும்பத்தாரும் மதிப்பிட்டார்கள். பேச்சின் தரம் கூடியதாக அவர்கள் சொல்லவில்லை. நோயாளிகளின் மனச்சோர்வு சற்றே கூடியிருந்தது. இந்த ஆய்வை ஒதுக்கிவிட்டு நடிகர்களுக்கு ஆதரவாக வாதிடுவது நேர்மையாகாது. இரண்டு ஆய்வுகளும் வயதுவந்த நோயாளிகளைப் பற்றியவை என்றாலும், நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்று உண்டு. நடிகர் முன்னால் கற்றது தானாக வார்டுக்கு வந்துவிடாது. வார்டில் அதைக் கேட்டு வாங்குகிறவர் ஒருவர் வேண்டும்.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. அந்தப் பிற்பகல் முடிந்து தேநீர் குடிக்கும்போது, நடித்த அம்மா தன் தங்கையின் குழந்தை இறந்ததைச் சொல்லி அழுதார். நாங்கள் முன்பே கேட்டிருக்க வேண்டும். எந்த நோயை, எந்த வயதுக் குழந்தையை நடிக்க முடியாது என்று கலைஞர்கள் மறுக்க இடம் வைத்திருக்க வேண்டும். ஒரே நாளில் மூன்று முறைக்குமேல் நடிக்கச் சொல்லக் கூடாது. அவர்களுக்கு உரிய ஊதியத்தைக் கையோடு கொடுக்க வேண்டும்.

நான்காவது, மூத்தவரோடு கூட உட்கார்ந்து கற்பது. 'இதைத்தானே காலம்காலமாகச் செய்கிறோம்' என்று ஒரு நண்பர் கேட்டார். செய்யவில்லை. ரவுண்ட்ஸில் பின்னால் நின்று பார்ப்பது கற்பது ஆகாது. ஃபாலோஃபீல்ட் ஆய்வு சொன்ன இன்னொன்று மூத்தவர்களாகிய எங்களைப் பற்றியது: ஆண்டுகள் கூடுவதால் மட்டும் இந்தத் திறன் வந்துவிடுவதில்லை. எங்களிடம் இருக்கும் பழக்கங்களைப் பார்த்தால் அது புரியும். "24 மணி நேரம் போகட்டும், பிறகுதான் சொல்ல முடியும்" என்பது நாங்கள் மூவருமே சொல்கிற வாசகம். தெரியாதபோது சொன்னால் அது உண்மை. தெரிந்துகொண்டே சொன்னால் பெற்றோரிடமிருந்து ஒரு நாளைப் பறிப்பது. பிழைக்காது என்று தெரிந்தால், உயிரோடு ஊருக்குக் கொண்டுபோய்ப் பாட்டி மடியில் ஒருமுறை வைக்க வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்கள் மலையில் இருக்கின்றன. இரவில் சொன்னால் அவர்களால் மலையேற முடியாது. காலையில் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

ஆகவே இந்த வழிக்குச் சில கட்டுகள் வேண்டும். அறையில் பேசுகிற மருத்துவர் ஒருவர், பயிற்சியில் இருப்பவர் ஒருவர், சிஸ்டர் ஒருவர். அதற்குமேல் வெள்ளைக் கோட்டு கூடாது. உடன் இருப்பவர் யார், ஏன் இருக்கிறார் என்பதைப் பெற்றோரிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். மருத்துவர் எழுந்துபோன பிறகும் சிஸ்டர் அறையிலேயே இருக்க வேண்டும். பல தாய்மார்கள் முதல் கேள்வியை அப்போதுதான் கேட்கிறார்கள், அதுவும் சிஸ்டரிடம்தான். வெளியே வந்ததும் பத்து நிமிடம், பயிற்சி மருத்துவர் தான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். மூத்தவர் எங்கே தவறினார் என்பதையும் சேர்த்து. மூத்தவருக்கு இது எளிதாக இருக்காது. எனக்கும் இருக்காது.

இந்த ஒரு வழியில் மட்டும்தான் நம் ஊருக்கே உரிய சிக்கல்கள் நேராக வந்து நிற்கும். சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் குழந்தைக்குப் பரம்பரை நோய். இருவரிடமும் மறைந்திருந்த மரபணு பிள்ளையிடம் சேர்ந்துவிட்டது. "ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு" என்று சொல்கிறோம். 'ஒன்று இப்படிப் போய்விட்டது, இனி மூன்று நன்றாக இருக்கும்' என்று வீட்டில் கணக்குப் போடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் நான்கு சீட்டையும் திரும்பப் போட்டுக் குலுக்கி எடுப்பதுபோல என்று சொன்னால் புரிகிறது. இதை எந்த அட்டையும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஒரு மூத்த மருத்துவர் ஒரு தாத்தாவுக்கு விளக்கியதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான்" என்று ஒரு வார்த்தை மருத்துவர் வாயிலிருந்து வந்துவிட்டால், பேருந்து ஏறுவதற்குள் அது தாயின் தலையில் பழியாக இறங்கிவிடும் என்பதையும் அங்கேதான் பார்த்தேன்.

ஆறாவது படியான 'அடுத்து என்ன' என்பதும் இங்கேதான் உயிர் பெறும். "இனி செய்வதற்கு ஒன்றுமில்லை" என்ற வாசகத்தை எங்கள் பிரிவில் தடைசெய்ய வேண்டும் என்று நான் எழுதிக்கொடுத்திருக்கிறேன். வலியைக் குறைக்கலாம், வலிப்பை அடக்கலாம், பால் புரையேறாமல் ஊட்டக் கற்றுத்தரலாம். வளர்ச்சி பிந்தும் குழந்தைகளுக்கு மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புக் கவனிப்பும் வீட்டுக்கே வருகின்றன. பெற்றோர் எழுந்து போகும்போது அவர்கள் கையில் ஒரு தேதியும், ஒரு பெயரும், திரும்பி அழைக்க ஓர் எண்ணும் இருக்க வேண்டும். அவை இருந்தால் 'கையை விரித்துவிட்டார்கள்' என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இந்த நம்பிக்கைக்கு ஓர் ஆதாரமும் உண்டு. டவுன் நோய்க்குறியோடு பிறந்த குழந்தைகளின் பெற்றோர் பற்றி கிளிஃப் கன்னிங்ஹாம் குழுவினர் 1984-இல் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆய்வு. இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, தனியறையில், குழந்தையும் கூட இருக்க, பிறகு தொடர்ந்து பார்க்கும் ஒரு பணியாளரோடு சேர்ந்து சொன்ன இடத்தில், பெற்றோர் சொல்லப்பட்ட விதத்தைக் குறை கூறவில்லை. செய்தி மாறவில்லை, சொல்லும் ஏற்பாடு மாறியது. பேச்சுத்திறமை பிறவியில் வர வேண்டும் என்று சொல்கிற நண்பர்களுக்கு இதை நான் காட்டுகிறேன். ஓர் அறையும் மூன்று நாற்காலிகளும் யாருடைய பிறவித் திறமையையும் கேட்பதில்லை.

பிள்ளையை இழந்த பெற்றோரையே அழைத்து வகுப்பெடுக்கச் சொல்லலாம் என்று ஒரு யோசனையும் வந்தது. அவர்கள் சொல்வதற்கு ஈடு எதுவுமில்லை. ஆனால் எங்களிடம் சிகிச்சை பெற்றவர்கள் எங்களுக்கு 'முடியாது' என்று சொல்லத் தயங்குவார்கள். தாமாக முன்வருகிறவர் இருந்தால் வரட்டும், நாம் போய்க் கேட்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

நேரம் எங்கே என்று கேட்கிறார்கள். புறநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது அரை மணி நேரம் ஒரு குடும்பத்தோடு உட்கார முடியுமா? தினமும் வேண்டாம், எங்கள் பிரிவில் இப்படிப்பட்ட பேச்சு வாரத்துக்கு இரண்டு மூன்றுதான். பெரிய சிக்கல் இரவு இரண்டு மணி. அந்த நேரத்தில் குழந்தை இறந்தால், பயிற்சி மருத்துவர் தனியாக நின்று சொல்கிறார். அந்த வேளைக்கு மூத்தவர் ஒருவர் வீட்டிலிருந்து வர வேண்டும் என்பதை விதியாக்கினால் ஒழிய, இந்தப் பயிற்சியெல்லாம் பகல்நேரத்துக்கு மட்டும்தான் என்று ஆகிவிடும்.

நான் கேட்பது இதுதான். நான்காவது வழி முதுகெலும்பாக இருக்கட்டும். கூத்து, நாடகக் கலைஞர்களோடு ஆண்டுக்கு இரண்டு அரைநாள். அதில் மூத்தவர்கள் முதலில் உட்கார வேண்டும், இளையவர்கள் பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அட்டையோடு ஒரு மணி நேர வகுப்பு. நமக்குள் நடிப்பதில், தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அளப்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கெட்ட செய்தி சொல்லப்பட்ட மறுநாள் காலை, சிஸ்டர் அந்தத் தாயிடம் ஒரே கேள்வி கேட்பார்: "நேற்று டாக்டர் சொன்னதில் உங்களுக்கு என்ன புரிந்தது, அம்மா?" பதிலை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வைப்பார். முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல் சென்ற வாரமே தொடங்கிவிட்டோம். இதுவரை நான்கு பதில்கள் இருக்கின்றன. மூன்றில் பெற்றோருக்கு நிலைமை தெரிந்திருக்கிறது. நான்காவது நான் பேசிய குடும்பம். அதில் எழுதியிருப்பது: "டாக்டர் ரொம்ப அன்பாகப் பேசினார். எப்போது சரியாகும் என்று கேட்கத்தான் மறந்துவிட்டேன்."

இன்று மாலை நான்கு மணிக்கு அவரோடும் அவர் கணவரோடும் மறுபடியும் உட்காரப் போகிறேன். சிஸ்டர் கூட இருப்பார்.